பின்வரிசைக்காரன் தள்ளினானா?

கேள்வி, ஜனவரி 9
பழைய கிரேக்கத்தின் ஹாப்லைட் படை, அதாவது கேடயமும் ஈட்டியும் ஏந்திய கனரகக் காலாட்படை, எட்டு வரிசையாக நிற்குமாம். முதல் வரிசை எதிரியோடு மோதியதும் பின்னால் நிற்கும் ஏழு பேரும் அவரவர் கேடயத்தை முன்னால் இருப்பவன் முதுகில் வைத்து மொத்தமாகத் தள்ளுவார்களாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்படித் தள்ளினால் முதல் ஆள் எதிரியின் ஈட்டி படுவதற்கு முன்பே நசுங்கிச் செத்துவிட மாட்டானா? கையில் ஈட்டி இருக்கும்போது எதற்கு இந்த மல்லுக்கட்டு?

ஜனவரி 9, இரவு
தள்ளினார்கள். சந்தேகமே வேண்டாம். கி.மு. 424இல் டீலியத்தில் ஏதென்ஸ்காரர்களும் பியோஷியாக்காரர்களும் மோதியதை எழுதும் ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், கேடயங்களின் "ஒதிஸ்மோஸ்" என்றே எழுதுகிறார். ஒதிஸ்மோஸ் என்றால் தள்ளுதல். ஏதென்ஸ் பக்கம் 8 வரிசை. எதிரில் பியோஷியாவின் பெரிய ஊரான தீப்ஸின் ஆட்கள் 25 வரிசை. எட்டடி ஈட்டியை வைத்துக்கொண்டு முதல் இரண்டு வரிசைதான் எதிரியைக் குத்த முடியும், மிஞ்சிப்போனால் மூன்று. மீதி 22 பேர் வேடிக்கை பார்க்கவா வந்தார்கள்?

பெயரையே பாருங்கள். ஹோப்லான் என்பது அந்தப் பெரிய வட்டக் கேடயம். அதைத் தூக்கியவன் ஹாப்லைட். ஈட்டிதான் முக்கியம் என்றால் ஈட்டியின் பெயரல்லவா வந்திருக்கும்?

ஜனவரி 10
நேற்று எழுதியதில் இரண்டாவது பத்தியை அடித்துவிடுங்கள். தப்பு. கேடயத்துக்கு அவர்கள் வழக்கமாகச் சொன்ன சொல் ஆஸ்பிஸ். ஹோப்லா என்றால் படைக்கலங்கள், மொத்தச் சாமானும். தலைக்கவசம், மார்க்கவசம், கேடயம், ஈட்டி என்று முழுச் சாமானோடு வந்து நிற்பவன் ஹாப்லைட். இருபது வருஷமாக நான் பார்ப்பவர்களிடமெல்லாம் அந்தக் கேடயக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் மறுத்ததில்லை. அதனால் அது உண்மையாகிவிடாது.

தள்ளிய கதையில் மாற்றம் இல்லை. அது அப்படியே நிற்கிறது.

ஜனவரி 12
அது அப்படியே நிற்கவில்லை.

பாரசீகப் போர்களை எழுதிய ஹெரோடோட்டஸும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார். தெர்மோபிலேயில் ஸ்பார்ட்டா ராஜா லியோனிடாஸ் விழுந்த பிறகு அவன் உடலுக்காக நடந்த சண்டை ஒரு ஒதிஸ்மோஸ். சரி. ஆனால் பிளாட்டியாவில், கி.மு. 479இல், போர் தொடங்குவதற்கு முன் கூட்டாளிகளான தெகியாக்காரர்களும் ஏதென்ஸ்காரர்களும் படையின் இடது ஓரத்தில் யார் நிற்பது என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் தாத்தா காலத்துப் பெருமையையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள். அதுவும் ஹெரோடோட்டஸுக்கு ஒதிஸ்மோஸ்தான், "சொற்களின் ஒதிஸ்மோஸ்". சலாமிஸ் கடற்போருக்கு முன்னால் கிரேக்கத் தளபதிகள் வாக்குவாதம் செய்ததற்கும் அதே சொல். அங்கே ஒருவரும் ஒருவர் முதுகிலும் கேடயத்தை வைக்கவில்லை.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. தினசரியில் "இரு தரப்பினருக்கும் இடையே தள்ளுமுள்ளு ஏற்பட்டது" என்று படிக்கிறோம். தள்ளினார்கள் என்று அர்த்தமா? சில சமயம் ஆமாம். சில சமயம் சட்டையைப் பிடித்தார்கள். பல சமயம் கத்தினார்கள், அவ்வளவுதான். ஒதிஸ்மோஸுக்குத் தமிழில் தள்ளுமுள்ளுவைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. பொருத்தம் எதில் என்றால் அதன் மழுப்பலில். இரண்டாயிரம் வருஷம் கழித்து ஒருவன் நம் தினசரியைத் தோண்டி எடுத்து, சட்டசபையில் உறுப்பினர்கள் எட்டு வரிசையாக நின்று முதுகில் முட்டுக்கொடுத்துத் தள்ளினார்கள் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால் எப்படி இருக்கும்? நான் 9ஆம் தேதி எழுதியது அந்த ரகம்.

இதில் நான் தனியாள் இல்லை என்பது ஒரு ஆறுதல். அறிஞர்களே இரண்டு கட்சி. விக்டர் டேவிஸ் ஹான்சன் நேரடித் தள்ளல் கட்சி. பீட்டர் கிரென்ட்ஸ், ஹான்ஸ் வான் வீஸ் இருவரும் எதிர்க்கட்சி. இன்னும் ஓயவில்லை.

ஜனவரி 18
முதல் கேள்விக்கு வருகிறேன். நசுங்கிச் செத்துவிட மாட்டானா?

எழுதி எழுதிப் பார்த்தேன், தீரவில்லை. மொட்டை மாடிக்குப் போனோம். 18 மி.மீ. பிளைவுட்டில் மூன்றடி விட்டத்துக்கு வட்டம் வெட்டினேன். பழைய பேப்பர் கடைத் தராசில் ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. நிஜ ஆஸ்பிஸும் ஏறக்குறைய இந்த எடைதான், இந்த அகலம்தான். மச்சினனைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, சுவருக்கும் அவனுக்கும் நடுவே பலகையைக் கொடுத்தேன். தெருப் பையன்கள் ஐந்து பேரை அவன் முதுகில் விட்டேன். பத்து எண்ணுவதற்குள் "அத்தான், மூச்சு முட்டுது" என்று கத்திவிட்டான். சரி, கேள்வி கேட்டவர் ஜெயித்தார், தள்ளல் பொய் என்று அப்போதே எழுத உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் என் பலகை தட்டை. ஆஸ்பிஸ் தட்டை இல்லை. அது குழிந்த கிண்ணம், விளிம்பு மட்டும் தட்டையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மச்சினன் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவன். கீழே போய் மூன்றடி இரும்புக் கடாய் ஒன்றைத் தூக்கிவந்தான். கடாயின் முதுகு சுவர்ப் பக்கம், குழி அவன் பக்கம். மேல் விளிம்பு தோளுக்குக் கீழே, கீழ் விளிம்பு தொடையில். மறுபடி ஐந்து பேர். இந்தத் தடவை அவன் உள்ளே நின்றுகொண்டு எங்களோடு பேசிக்கொண்டிருந்தான். தோள் வலிக்கிறது என்றான், தொடை வலிக்கிறது என்றான். மூச்சு? "அதுக்கென்ன, தாராளமா விடலாம்."

மார்புக்கும் வயிற்றுக்கும் அந்தக் குழியில் இடம் இருக்கிறது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, ஆய்வாளர்கள் முன்பே சொன்னதுதான். ஆனால் படித்தபோது நம்பவில்லை.

ஐந்து பேர் வேறு, இருபத்தைந்து பேர் வேறு. அதுவும் தெரியும். தள்ளினால் செத்துவிடுவான் என்ற வாதம் மட்டும் அடிபட்டது. தள்ளினார்கள் என்று இதனால் நிரூபணம் ஆகவில்லை.

ஜனவரி 19
பலர் கேட்டதால்: கடாய் அன்று சாயங்காலமே நிச்சயதார்த்த வேலைக்குப் போய்விட்டது. கழுவினோம்.

ஜனவரி 23
ஈட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் குத்தினார்களா, இடுப்பருகே பிடித்துக் குத்தினார்களா என்ற கேள்விக்கு. பானை ஓவியங்களில் அணியாக நிற்பவர்கள் பெரும்பாலும் மேலே தூக்கித்தான் பிடிக்கிறார்கள். துணி உலர்த்தும் மூங்கில் கொம்பை வைத்துப் பார்த்தேன். மேலே தூக்கினால் மூன்று நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும்போல இருக்கிறது. கீழே பிடித்தால் ஒவ்வொரு தடவை பின்னுக்கு இழுக்கும்போதும் கொம்பின் அடி பின்னால் நிற்பவன் வயிற்றில் இடிக்கிறது. நிஜ ஈட்டிக்கு அடியிலும் வெண்கலக் கூர் உண்டு. பின்னால் நின்றவன் என் மச்சினன் என்பதால் சோதனையை நீட்டவில்லை.

மாரத்தான் போரில் 8 ஸ்டேடியம், அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர், முழுச் சாமானோடு ஓடினார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். பிளைவுட்டோடு மொட்டை மாடியை நாலு சுற்று ஓடினேன். கடைசிக் கொஞ்ச தூரம் ஓடியிருப்பார்கள் என்பவர்கள் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 2
தள்ளுவதைக் கொஞ்சம் விடுங்கள். இந்தப் படை பக்கவாட்டில் நகரும் விஷயம்தான் எனக்குப் பிடித்தது.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தேன். "தஹினே சஜ்" என்றால் கழுத்தை வலது பக்கம் திருப்பி, வலது ஆளைப் பார்த்து வரிசையைச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்துவிட்டு நேராக நடந்தால் ஐம்பது அடி தாண்டுவதற்குள் மொத்த வரிசையும் வலது பக்கம் ஒதுங்கியிருக்கும். பயிற்சி கொடுத்த உஸ்தாத் திட்டாத நாளில்லை. எவனும் வேண்டுமென்று செய்வதில்லை. பக்கத்து ஆளோடு ஒட்டி இருப்பது மனசுக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கி.மு. 418, மாண்டினியா போர். எல்லாப் படையும் முன்னேறும்போது வலப்பக்கம் ஒதுங்கும் என்று துசிடிடீஸ் காரணத்தோடு எழுதுகிறார். கேடயம் இடக்கையில். வலது பக்க உடம்பு திறந்து கிடக்கிறது. அதை மூட வலது ஆளின் கேடயத்தை ஒவ்வொருவனும் அணைத்துக்கொள்கிறான். ஆரம்பித்து வைப்பவன் வலக்கோடியில் நிற்பவன், அவனுக்கு ஒண்ட இடமில்லை, தன் திறந்த பக்கத்தை எதிரியிடமிருந்து விலக்கிக்கொண்டே போகிறான், மற்றவர்களும் அதே பயத்தில் பின்னாலேயே போகிறார்கள். பயம் என்ற சொல்லை அவரே போடுகிறார். அடுத்தவனைக் காப்பாற்றக் கேடயம் பிடித்த வீரர்கள் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த படம் இதுதான். துசிடிடீஸ் பார்த்தது அடுத்தவன் கேடயத்துக்குள் ஒண்டப் பார்க்கும் மனிதர்களை.

அன்று ஸ்பார்ட்டாவின் ராஜா ஏஜிஸ், தன் இடக்கோடியை எதிரி சுற்றிவளைக்கப் போகிறான் என்று கடைசி நேரத்தில் பார்த்துவிட்டு, அங்கிருந்தவர்களை இன்னும் இடப்பக்கம் தள்ளிப்போகச் சொன்னான். நடுவில் விழுந்த ஓட்டையை அடைக்க வலப்பக்கத்திலிருந்து இரண்டு அதிகாரிகளின் பிரிவுகளை வரச் சொன்னான். ஹிப்போனோய்டாஸ், அரிஸ்டோக்ளீஸ் என்று பெயர்கள்கூட இருக்கின்றன. அவர்கள் வரவில்லை. எதிரி மோதுவதற்குச் சில நிமிஷம் முன்னால் இடம் மாறு என்றால் எவன் மாறுவான்? ஓட்டை வழியாக எதிரி புகுந்தான், இடக்கோடி சிதறியது. அப்படியும் மற்ற இடங்களில் ஸ்பார்ட்டா ஜெயித்தது. ஜெயித்த பிறகும் அந்த இருவரையும் கோழைகள் என்று நாடுகடத்தினார்கள்.

என் உஸ்தாத் கிரவுண்டைச் சுற்றி ஓடவிட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

பிப்ரவரி 4
மேலே விட்டுப்போனது. அதே போரில் ஸ்பார்ட்டா மட்டும் மெதுவாக, குழல் இசைக்குக் காலடி வைத்து வந்தது. சாமி காரியம் இல்லை, வரிசை உடையாமல் இருக்கத்தான் என்று துசிடிடீஸ் அழுத்திச் சொல்கிறார்.

ரோமில் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் கீஜி குடுவை என்ற கிரேக்க ஓவியக் குடுவை இருக்கிறது, கி.மு. 650 வாக்கில் செய்தது. அதிலும் மோதப்போகும் இரண்டு அணிகளுக்கு நடுவே ஒரு பையன் இரட்டைக் குழல் ஊதிக்கொண்டிருக்கிறான். புத்தகத்தில் பார்த்துப் பார்த்து ஆளுயரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்தால்தான் பையன் தெரிகிறான். கவசம் கிடையாது, கேடயம் கிடையாது, ஊதுவதற்காகக் கன்னத்தைச் சுற்றிக் கட்டிய வார் மட்டும்.

பிப்ரவரி 15
தள்ளலுக்குத் திரும்புகிறேன், கணக்கு பாக்கி இருக்கிறது.

பின்வரிசை முன்வரிசையை உடம்பு எடையால் அழுத்தியது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியவர் வரலாற்றாசிரியர் பாலிபியஸ். ஆனால் அவர் காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு, அவர் பேசுவது மாசிடோனியப் படை. அது வேறு சாமான். சாதா ஈட்டிக்குப் பதில் 14 முழ சாரிஸா என்ற நீள ஈட்டி, ஏறக்குறைய 20 அடி. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், அதனால் கேடயம் சிறியது. முதல் ஆளுக்கு முன்னால் ஐந்து வரிசையின் ஈட்டி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்துக்குப் பின்னால் நிற்பவர்கள் குத்த முடியாது, ஈட்டியைச் சாய்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் இருப்பவர்களை அழுத்துவார்கள், முன்னால் இருப்பவன் திரும்பி ஓடவும் முடியாது என்கிறார்.

அந்தக் கடைசித் துண்டைக் கவனியுங்கள். திரும்பி ஓட முடியாது.

பிப்ரவரி 16
தூக்கம் வரவில்லை. சாக்ரடீஸின் மாணவரும் படைவீரருமான செனோஃபன் எழுதிய ஒரு உரையாடலில் சாக்ரடீஸும் ஓர் இளைஞனும் படையை நிறுத்துவதைப் பற்றிப் பேசுகிறார்கள். இளைஞன் சொல்கிறான்: நல்ல ஆட்களை முதலிலும் கடைசியிலும் நிறுத்து, மட்டமானவர்களை நடுவில் வை, முன்னவர்கள் இழுத்துப்போவார்கள், பின்னவர்கள் தள்ளிப்போவார்கள். இதில் எதிரி எங்கே? எதிரியைப் பற்றிப் பேச்சே இல்லை. தள்ளப்படுகிறவன் நம்ம ஆள்.

நான் 9ஆம் தேதி கேட்டேனே, மீதி 22 பேர் வேடிக்கை பார்க்கவா வந்தார்கள் என்று. முன்னால் இருப்பவன் ஓடாமல் இருக்க வந்தார்கள். பின்னால் 22 பேர் நின்றால் முதல் வரிசைக்காரனுக்கு ஓட வழியில்லை. அது தெரிந்த எதிரிக்கு நிற்கத் தைரியம் வராது. உடம்பால் தள்ளினார்களா என்பது இதற்குப் பிறகு இரண்டாவது கேள்வி.

ஓடுகிறவன்தான் அதிகம் செத்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரென்ட்ஸ் 1985இல் கணக்குப் போட்டார்: ஜெயித்த பக்கம் சராசரியாக 5 சதவீதம் சாவு, தோற்ற பக்கம் 14. டீலியத்தில் தோற்று ஓடிய கூட்டத்தில் சாக்ரடீஸே இருந்தார். குதிரையில் வந்த ஏதென்ஸ் வீரன் அல்சிபியடீஸ் பார்த்ததாகப் பிளேட்டோ எழுதுகிறார்: மனிதர் ஓடவில்லை, இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார், அதனால் ஒருவரும் அவரைத் தொடவில்லை. பின்வரிசைக்கு யாரை நிறுத்த வேண்டும் என்று பேச அவருக்கு உரிமை இருந்தது.

மார்ச் 1
லூக்ட்ரா போர் ஏன் வரவில்லை என்று கேட்டவருக்கு. என் முந்தைய குறிப்பை அது கெடுத்துவிடும் என்பதால்தான்.

கி.மு. 371. தீப்ஸ் தளபதி எபமினோன்டாஸ் தன் ஆட்களை 50 வரிசை நிறுத்தினான். ஸ்பார்ட்டா 12 வரிசை. ஓடாமல் நிறுத்த 50 தேவையா? 20 போதாதா? இங்கே நிஜமாகவே தள்ளினார்கள் என்று தோன்றுகிறது. செனோஃபனும் ஸ்பார்ட்டா படை கூட்டத்தின் அழுத்தத்தில் பின்வாங்கியதாக எழுதுகிறார். ஆனால் அதற்கு முன்பே ஸ்பார்ட்டாவின் குதிரைப்படை தோற்று ஓடிவந்து சொந்தக் காலாட்படை மேலேயே விழுந்து வரிசையைக் குலைத்திருந்தது என்றும் அவரே சொல்கிறார். கடைசியில் ராஜா கிளியோம்ப்ரோட்டஸ் காலி. அங்கே இருந்த 700 ஸ்பார்ட்டியேட்டுகளில் (ஸ்பார்ட்டாவின் முழுக் குடிமக்கள்) ஏறக்குறைய 400 பேர் காலி.

ஆக என் இன்றைய நிலை: பின்வரிசை பிடித்து வைத்தது எப்போதும். உடம்பால் தள்ளியது எப்போதாவது. நாளைக்கு மாறலாம்.

மார்ச் 2
மாறவில்லை. ஆனால் ஸ்பார்ட்டாவும் தீப்ஸும் மோதிய கொரோனியாவை (கி.மு. 394) சேர்க்க வேண்டும். செனோஃபன் அங்கே இருந்தவர். கேடயத்தோடு கேடயம் மோதித் தள்ளினார்கள், சண்டையிட்டார்கள், கொன்றார்கள், செத்தார்கள் என்று நாலு வினையை அடுத்தடுத்து வைக்கிறார். கூச்சல் இல்லை, மௌனமும் இல்லை, கோபமும் சண்டையும் எழுப்பும் ஒருவிதச் சத்தம் மட்டும் இருந்தது என்கிறார். பிறகு தரையில் ரத்தம், நொறுங்கிய கேடயங்கள், முறிந்த ஈட்டிகள், பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் நண்பனும் எதிரியும். நாலு வினையில் முதல் வினை தள்ளல்தான். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

மார்ச் 8
டீலியத்தில் பாக்கி ஒன்று. ஜெயித்த பியோஷியா பக்கம் செத்தவர்கள் 500க்குக் கொஞ்சம் குறைவு. அதில் பெரிய அடி தெஸ்பியா என்ற சின்ன ஊருக்கு. பக்கத்து அணிகள் விலகிவிட, ஏதென்ஸ்காரர்கள் அவர்களைச் சுற்றிவளைத்து வெட்டினார்கள். அந்த வளையத்தில் ஏதென்ஸ்காரர்களே ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் கொன்றுகொண்டார்கள். தலைக்கவசத்துக்குள் எதிரில் நிற்பவன் முகம் எங்கே தெரியும்?

அடுத்த வருஷமே தீப்ஸ் வந்து தெஸ்பியாவின் மதிலை இடித்தது. ஏதென்ஸுக்கு ஆதரவானவர்கள் என்று குற்றச்சாட்டு. ரொம்ப நாளாகவே செய்ய நினைத்திருந்தார்கள், இப்போது அந்த ஊர் இளைஞர்கள் போரில் செத்துவிட்டதால் சுலபமாயிற்று என்று துசிடிடீஸ் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறார். அந்த இளைஞர்கள் செத்தது தீப்ஸோடு ஒரே அணியில் நின்று.

மார்ச் 21
"கனரகக் காலாட்படையை எதுவும் அசைக்க முடியாது" என்று ஒருவர். அசைத்தார்கள், அதுவும் கிட்டேயே வராமல். கி.மு. 425, பைலோஸ் கரையோரம் ஸ்பாக்டீரியா தீவு. அங்கே சிக்கிய ஸ்பார்ட்டா படை மேல் ஏதென்ஸின் இலகுரக ஆட்கள். அம்பு, எறியீட்டி, கல். ஹாப்லைட் துரத்தினால் இவர்கள் ஓடுவார்கள், அவன் திரும்பினால் மறுபடி வருவார்கள். தீவில் இருந்த 420 ஹாப்லைட்டுகளில் 292 பேர் உயிரோடு சரணடைந்தார்கள், அவர்களில் 120 பேர் அளவில் ஸ்பார்ட்டியேட்டுகள். கிரேக்க உலகமே வாய் பிளந்தது. ஏதென்ஸுக்குக் கூட்டாளியான ஒருவன் கைதியிடம், செத்துப்போனவர்கள்தான் வீரர்களா என்று குத்தலாகக் கேட்டான். நல்ல ஆளைப் பார்த்துக் குத்தத் தெரிந்தால் அந்தக் கதிருக்கு எவ்வளவோ விலை கொடுக்கலாமே என்றான் கைதி. நூல் நூற்கும் கதிர். அம்பை அவன் அப்படிச் சொன்னான், பெண்பிள்ளை சாமான் என்ற இளக்காரம். கைதியாக நின்றுகொண்டு அந்த வாய்.

அன்று பறித்த கேடயம் ஒன்றை ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பைலோஸில் லாசிடெமோனியரிடமிருந்து (ஸ்பார்ட்டாக்காரர்கள்தான்) ஏதெனியர் எடுத்தது என்று அதன் மேலேயே குத்தி எழுதியிருக்கிறது.

கி.மு. 390இல் லெகாயத்தில் ஏதென்ஸ் தளபதி இஃபிக்ரடீஸின் பெல்டாஸ்டுகள் இதே வேலையைச் செய்தார்கள். சிறு கேடயம், கை நிறைய எறியீட்டி. 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டா பிரிவில் 250 பேர் விழுந்தார்கள்.

ஏப்ரல் 6
இழை முழுக்க ஹாப்லைட்டையே பேசியிருக்கிறோம். நேற்று மச்சினன் கேட்டான்: "அந்த ஏழு கிலோவை ஊரிலிருந்து யார் அத்தான் தூக்கிட்டு வந்தா?"

வேலையாள். பெரும்பாலும் அடிமை. பிளாட்டியாவுக்கு வந்த 5,000 ஸ்பார்ட்டியேட்டுகளில் ஒவ்வொருவனோடும் ஏழு ஹெலட்டுகள், அதாவது ஸ்பார்ட்டாவின் பண்ணையடிமைகள், என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார், ஆக 35,000 பேர். எல்லோரும் சண்டைக்குத் தயாராக வந்தவர்கள் என்றும் சொல்கிறார். 5,000 பேரை எட்டு வரிசையாக நிறுத்திப் படம் போடும் எந்தப் புத்தகத்திலும் இந்த 35,000 பேரை நான் பார்த்ததில்லை. ஸ்பார்ட்டியேட்டுகள் முதல் வரிசை, பின்னால் ஏழு வரிசை ஹெலட் என்று நினைத்துப் பார்த்தவர்களும் உண்டு. எட்டு வரிசைக் கணக்கு கச்சிதமாக வருகிறது. ரொம்பக் கச்சிதமாக வருவதால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆனால் அப்படி இருந்திருந்தால் முதல் கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும்: எஜமானின் முதுகில் அடிமை எவ்வளவு பலமாகத் தள்ளுவான்?

ஏப்ரல் 7
பிளாட்டியாவில் செத்தவர்கள் கணக்கு கேட்டிருந்தார்கள். ஹெரோடோட்டஸ் தருவது: ஸ்பார்ட்டா 91, தெகியா 16, ஏதென்ஸ் 52. ஸ்பார்ட்டா அங்கே மூன்று குழி தோண்டியது. ஒன்றில் மரியாதைக்குரிய ஒரு சிறு பிரிவினர், ஒன்றில் மற்ற ஸ்பார்ட்டியேட்டுகள், மூன்றாவதில் ஹெலட்டுகள். 91இல் ஹெலட்டுகள் சேர்த்தி இல்லை. மூன்றாவது குழிக்கு அவர் எண் தரவில்லை.